வரியின் முடிவில் ஒரு சிறு கோடு



திருச்சிராப்பள்ளி நகரின் தெற்குப் பக்கத்தில் எடமலைப்பட்டி புதூர் என்று ஓர் ஊர் உண்டு. முன்பு தனியூராக இருந்த அது இன்று மாநகராட்சியின் ஒரு பகுதி. அங்கே நான் குடியிருக்கும் தெருவில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். ஒருநாள் மாலை அவன் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். முகத்தில் வாட்டம் தெரிந்தது.

“என்ன தம்பி?” என்றேன்.

அவன் புத்தகத்தை விரித்து ஒரு வரியின் கடைசியைச் சுட்டிக் காட்டினான். அந்த வரி ‘நோ’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு முடிந்திருந்தது; அதனருகே ஒரு சிறு கோடு. அடுத்த வரி ‘லெட்ஜ்’ என்று தொடங்கியது. ‘நோ’ என்றால் அறிதல். ‘லெட்ஜ்’ என்றால் விளிம்பு. வகுப்பில் உரக்கப் படிக்கும்பொழுது அவன் அவ்விரண்டையும் இரண்டு சொற்களாகவே படித்துவிட்டான். அது ‘நாலெட்ஜ்’, அதாவது அறிவு என்னும் ஒரே சொல் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றுமுதல் வகுப்பில் எழுந்து நின்று படிப்பதற்கே அவன் அஞ்சினான்.

“ஐயா, சொல்லை இப்படிப் பாதியில் வெட்டுகிறவர்கள் யார்? எந்த இடத்தில் வெட்டலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அறிவைக் குறிக்கும் சொல்லையே தவறாகப் படித்ததனால் அவன் அறிவில்லாதவன் ஆகிவிடவில்லை. அச்சில் இருந்ததை இருந்தபடியே படித்தான், அவ்வளவுதான். அவனுக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வரியின் முடிவில் நிற்கும் அந்தச் சிறு கோட்டை ஆங்கிலத்தில் ‘ஹைஃபன்’ என்பர். கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர் அது. ‘ஒன்றாக’, ‘சேர்ந்து’ என்பது அதன் பொருள். பிரிக்கும் இடத்தில் நிற்கும் குறிக்குச் சேர்ப்பது என்று பெயர் வைத்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அதுவே பொருத்தம். “சொல் இன்னும் முடியவில்லை, அடுத்த வரியில் வருவதையும் என்னோடு சேர்த்துப் படி” என்பதே அக்கோடு நமக்குச் சொல்லும் செய்தி. ஆகவே தமிழில் அதனை இணைப்புக்குறி என்பது மிகவும் தகும்.

பக்கத்தின் வலது ஓரம் ஒழுங்காக அமையவேண்டும் என்பதற்காகவே சொற்களை வெட்டும் வழக்கம் அச்சில் நிலைத்தது. ஜெர்மனி நாட்டில் கூட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டையொட்டி அச்சிட்டு முடித்த விவிலியத்திலேயே, வரிகளின் கடைசியில் சாய்வான இரட்டைக் கோடுகள் இணைப்புக்குறியாக நிற்பதைக் காணலாம். ஈய எழுத்தைக் கையால் கோத்த அச்சுக்கோப்பவர், சொல் நீண்டு வரிக்குள் அடங்காதபோது, அதனைத் தக்க இடத்தில் துண்டாக்கி மிகுதியைக் கீழே இறக்கினார். அந்தத் தக்க இடம் எது என்பதே கேள்வி.

அதற்கு முதலில் அசை என்பது யாது என்று அறியவேண்டும். ஒரு முயற்சியில், ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு எழுவதே ஓர் அசை. எத்தனை எழுத்துக்கள் என்பது கணக்கில்லை. எத்தனை உயிரொலிகள் என்பதே கணக்கு. வலிமையைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெங்த்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் எட்டு எழுத்துக்கள் உள்ளன. ஆயினும் உயிரொலி ஒன்றே; ஆதலால் அது ஓரசைச் சொல். வரியில் இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனைப் பிரித்தல் ஆகாது.

நம் நாவுக்கு இது கடினம். ஏனெனில் தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்யெழுத்து தனித்து நிற்பதில்லை. உயிரோடு கூடியே வரும். ஆகவேதான் ‘ஸ்கூல்’ என்பதை நம் பெரியவர்கள் ‘இஸ்கூல்’ என்றார்கள். ஓரசைச் சொல் அவர்கள் வாயில் ஈரசை ஆயிற்று. அதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. அது அறியாமை அன்று. தமிழின் ஒலிமரபு அயற்சொல்லைத் தன் வழிக்குக் கொண்டுவந்த செயலாகும்.

இனி, பல அசைகளையுடைய சொல்லை எங்கே வெட்டுவது? இதற்கு இரண்டு கத்திகள் உண்டு. ஒன்று ஒலிக் கத்தி. மற்றொன்று பொருட் கத்தி. காது கேட்கும் அசைப்படி வெட்டுவது முன்னது. சொல் எந்தப் பகுதியும் விகுதியும் சேர்ந்து பிறந்ததோ அந்த மூட்டில் வெட்டுவது பின்னது. மூட்டறிந்து வெட்டும் பொருட் கத்தியை ஆங்கில நாட்டு அச்சகங்கள் பெரிதும் பயன்படுத்தின. அமெரிக்கர் ஒலிக் கத்தியை விரும்பினர். அந்த மாணவன் கண்ட சொல்லே இதற்குச் சான்று. ஆங்கில நாட்டு முறைப்படி ‘நோ’ என்னும் பகுதிக்குப் பின் வெட்டினால், அறிதல் என்னும் வேர் சிதையாமல் நிற்கிறது. ஆனால் படிப்பவனின் நாக்கு தடுமாறுகிறது. அமெரிக்க முறைப்படி ஓர் எழுத்துத் தள்ளி ‘நால்’ என்று வெட்டினால் ஒலி சரியாக வருகிறது, வேர் மறைந்துவிடுகிறது. ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது.

ஒலிக் கத்தியைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர் நோவா வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க ஆசிரியர். 1783-ஆம் ஆண்டில் அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குரிய நூலொன்றை வெளியிட்டார். அதற்கு முன்பு ‘பிஷப்’ போன்ற சொல்லை ‘ஐ’ என்னும் எழுத்தை அடுத்து வெட்டுவது வழக்கம். அப்படி வெட்டினால் குழந்தை ‘பை’ என்றும், ‘ஷாப்’ என்றும் படிக்கும். திருச்சியில் பிஷப் ஹீபரின் பெயரால் கல்லூரி இருக்கிறது. அப்பெயரை எந்தப் பிள்ளையும் ‘பைஷாப்’ என்று படித்தால் நன்றாயிருக்குமா? ‘ஷ்’ ஒலியையும் முதற் பகுதியோடு சேர்த்து வெட்டினால் ‘பிஷ்’ என்று தானே வருகிறது. அவ்வாறே வெட்டவேண்டும் என்றார் வெப்ஸ்டர்.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தமிழில் குறிலுக்கு ஓர் எழுத்து, நெடிலுக்கு ஓர் எழுத்து. ஓலையில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவால் மயங்கி நின்ற குறையையும், ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் போக்கினார். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ஒரே எழுத்து ஓரிடத்தில் குறுகியும் மற்றோரிடத்தில் நீண்டும் ஒலிக்கும். அசை உயிரெழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் நீண்டும், மெய்யெழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் குறுகியும் ஒலிக்கும். ஆகவே ஆங்கிலத்தில் வெட்டும் இடமே ஒலியின் அளவைக் காட்டும் குறியாகிறது. அகராதியில் ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் சிறு புள்ளிகள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெட்டும் இடத்தைக் காட்டும் புள்ளிகளே.

பொருட் கத்தியின் கூர்மையை மக்கள் மறந்துவிடுவதும் உண்டு. ‘ஹெலிகாப்டர்’ என்னும் சொல், சுருளைக் குறிக்கும் ‘ஹெலிக்கோ’ என்பதும், சிறகைக் குறிக்கும் ‘ப்டர்’ என்பதும் ஆகிய கிரேக்கச் சொற்கள் கூடியது. அந்த மூட்டில் வெட்டுவோர் இன்று யாரும் இல்லை. காது கேட்டபடி ‘ஹெலி’ என்று வெட்டினார்கள். வெட்டியதோடு நில்லாமல் அந்தத் துண்டைக் கொண்டு, அவ்வூர்தி இறங்கும் தளத்துக்கு ‘ஹெலிபோர்ட்’ என்று புதுச் சொல்லும் ஆக்கிக்கொண்டார்கள். மூட்டை விட்டுத் தவறி வெட்டிய துண்டும் உயிர் பெற்று நடமாடுகிறது!

“இதெல்லாம் ஆங்கிலத்தின் தொல்லை, தமிழுக்கு இல்லை” என்றான் அந்த மாணவன். “அப்படியானால் உன் ஊர்ப்பெயரை வெட்டிக் காட்டு” என்றேன். அவன் ஒரு தாளை எடுத்து எழுதினான்.

எடமலைப்பட்டி என்பதில் எட்டு எழுத்துக்கள். காதால் கேட்டால் எ, ட, ம, லைப், பட், டி என ஆறு ஒலித்துண்டுகள். யாப்பிலக்கணம் படித்தவர் எட, மலைப், பட், டி என நான்காகப் பிரிப்பார். குறிலிரண்டு சேர்ந்தால் நிரையசை ஆவதால் வந்த வேறுபாடு அது. ஆக, செய்யுளுக்குரிய அசை வேறு; பேச்சுக்குரிய ஒலித்துண்டு வேறு. ஆயினும் இரண்டிலும் ‘பட்’ என்பதன் ஒற்று, தனக்கு முன்னுள்ள எழுத்தோடுதான் சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘லெட்டர்’ என்னும் சொல்லையும் இரட்டித்த மெய்களின் நடுவிலேயே வெட்டுவர். இவ்வளவில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

பிறகு புதூருக்கு வந்தான். அங்கே அவன் எழுதுகோல் நின்றுவிட்டது. ஒலிப்படி வெட்டினால் பு, தூர் என்றாகும். பொருட்படி வெட்டினால் புது, ஊர் என்றாகும். புதுவின் ஈற்றில் நின்ற உகரம் மறைய, எஞ்சிய ‘த்’ என்னும் மெய்யில் ஊவென்னும் உயிர் ஏறி ‘தூ’ என்று ஒரே எழுத்தாய் நிற்கிறது. அந்த எழுத்தின் உள்ளேதான் மூட்டு இருக்கிறது. எந்தக் கத்தியும் அங்கே நுழையாது. அச்சில் வெட்டமுடியாத அந்த இடத்தை மனத்தால்தான் வெட்டவேண்டும்.

தேர்வில் ‘பிரித்து எழுதுக’ என்று ஒரு வினா வருமே, அது இந்த மனக் கத்தியைத் தீட்டும் பயிற்சியாகும். காவிரிக்கு நடுவே இருக்கும் திருவரங்கத்தைப் பாருங்கள். காதுக்கு ‘திரு’, ‘வரங்கம்’ என்று கேட்கிறது. வரங்கம் என்று ஒரு சொல் இல்லை. திருவும் அரங்கமும் சேரும்போது, இடையில் வகரம் உடம்படுமெய்யாய் வந்து இரண்டையும் உடம்படுத்தி நிற்கிறது. அதனை அறிந்தவனுக்கு ஊரின் பெயர் விளங்குகிறது. அறியாதவனுக்கு வெறும் ஒலி மிஞ்சுகிறது. திருச்சிராப்பள்ளியின் பெயரைக் கேட்ட ஆங்கிலேயர் அதனை ‘ட்ரிச்சினாபொலி’ என்று எழுதினார்கள். பள்ளி என்னும் தமிழ்ச்சொல் அங்கே பொலியாய்க் கரைந்துபோயிற்று.

நம் முன்னோர் ஓலையிலும் கல்லிலும் எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விட்டதில்லை. திருவரங்கம் கோயில் மதிலில் உள்ள கல்வெட்டுக்களைப் பார்த்தால், எழுத்துக்கள் அணிவகுத்து இடைவெளியின்றிச் செல்லும், கல் முடிந்த இடத்தில் வரியும் முடியும், இணைப்புக்குறி இராது. ஓலையிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. அவ்வாறு கிடந்த ஏடுகளைத்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எடுத்துப் படித்தார். அவர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சில் தந்தார். இன்று நாம் எளிதாகப் படிக்கும் ஒவ்வொரு வரியிலும், இச்சொல் இங்கே முடிகிறது, அச்சொல் அங்கே தொடங்குகிறது என்று துணிந்த ஒரு புலமை இருக்கிறது. பிரித்தறிதல் இல்லையேல் அந்நூல்கள் நமக்கு வாய்த்திரா.

தவறாகப் பிரித்தால் பொருளே மாறிவிடும் என்பதை நம் இலக்கணம் பழைய நாளிலேயே கண்டது. தாமரை என்பது ஒரு பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். பலகை என்பது மரத்துண்டு. பல, கை என்று பிரித்தால் கைகள் பல. வேங்கை என்பது மரமாகவும் புலியாகவும் நிற்கும். பிரித்தால் வேகின்ற கை. இத்தகையவற்றை நன்னூல் பொதுமொழி என்று கூறும். ஆங்கிலத்திலும் இதுபோல் உண்டு. ஆட்கொலையைக் குறிக்கும் ‘மேன்ஸ்லாட்டர்’ என்னும் சொல்லை ஓர் எழுத்துத் தள்ளி வெட்டிவிட்டால், அதே எழுத்துக்கள் ‘மனிதனுடைய சிரிப்பு’ என்று பொருள் தரும். கொலைக்கும் சிரிப்புக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் எழுத்தின் தொலைவுதான்!

“இப்போதுதான் கணிப்பொறி இருக்கிறதே, அது வெட்டிக் கொடுக்காதா?” என்று நீங்கள் கேட்கலாம். வெட்டிக் கொடுக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கனூத் என்னும் பேராசிரியர் நூல்களை அச்சுக்கோப்பதற்கு ‘டெக்’ என்னும் கணிப்பொறி நிரலை ஆக்கினார். அவருடைய மாணவர் பிராங்க் லியாங், ஆங்கிலச் சொற்களை வெட்டும் முறையை ஆராய்ந்து 1983-இல் ஆய்வேடு அளித்தார். எந்த எழுத்தையடுத்து எந்த எழுத்து வந்தால் வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை 4,447 எழுத்துக் கோவைகளாக அவர் வகுத்தார். சிற்றகராதி ஒன்றில் உள்ள வெட்டிடங்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பதை, ஏறத்தாழப் பிழையே இல்லாமல், அம்முறை கண்டுபிடித்தது.

ஆயினும் அதற்கு அடங்காத 14 சொற்களைத் தனியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றை நீங்கள் நாள்தோறும் வகுப்பில் சொல்கிறீர்கள். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது ‘பிரசென்ட்’ என்கிறீர்களே, அதுதான். வந்திருத்தல், பரிசு என்னும் பொருளில் வந்தால் ‘பிரெஸ்’ என்ற ஒலிக்குப் பின் வெட்டவேண்டும். ‘அளி’ என்று வினையாக வந்தால் ‘பிரி’ என்ற ஒலிக்குப் பின் வெட்டவேண்டும். எழுத்துக்களோ இரண்டிற்கும் ஒன்றே. பொருளை அறியாத பொறி எதைக்கொண்டு துணியும்? ஆகவே, “இச்சொல்லை வெட்டவே வெட்டாதே” என்று அதற்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள். பொறி தயங்கும் அந்த இடத்தில்தான் படிப்பவனின் அறிவு வேலை செய்யத் தொடங்குகிறது.

நண்பர்களே, உங்களுக்குப் பயன்படும் சில விதிகளை மட்டும் தொகுத்துச் சொல்கிறேன். ஆங்கிலம் எழுதும்போது ஓரசைச் சொல்லை வெட்டாதீர்கள். சொல்லின் முதலிலோ முடிவிலோ ஒற்றை எழுத்தைத் தனியே விடாதீர்கள். இரு சொற்கள் கூடிய தொகைச்சொல் ஆயின் அவை கூடிய மூட்டிலேயே பிரியுங்கள். கோட்டை முதல் வரியின் கடைசியில் இடுங்கள்; அடுத்த வரியின் தொடக்கத்தில் இடாதீர்கள். ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். அகராதி கையில் இல்லையானால் சொல் முழுவதையும் அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். அதனால் யாருக்கும் நட்டம் இல்லை.

தமிழுக்கு இணைப்புக்குறி வேண்டுவதில்லை; சொல் அடுத்த வரியில் தானே தொடரும். ஆனால் புள்ளியெழுத்தை வரியின் முதலில் நிறுத்தாதீர்கள்; அது முன்னெழுத்தைச் சார்ந்தே வாழ்வது. கொம்பையும் காலையும் அவற்றுக்குரிய எழுத்தைவிட்டுப் பிரிக்காதீர்கள். கூடுமானால், பொருள் குலையாத இடம் பார்த்து மடக்குங்கள்.

படிக்கும்போதோ, நீண்ட சொல்லைக் கண்டு அஞ்சாதீர்கள். முதலில் ஒலிக் கத்தியால் அசையசையாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்பு பொருட் கத்தியால் பகுதியையும் விகுதியையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது நாவைத் திருத்தும். இரண்டாவது கருத்தைத் திறக்கும். இரண்டும் முடிந்தபின் மறவாமல் சொல்லை ஒன்றாகச் சேர்த்துப் படியுங்கள். பிரிப்பது சேர்ப்பதற்காகவே.

அன்று மாலை அந்த மாணவன் புறப்படுவதற்கு முன், தன்னை வாட்டிய அந்தப் பக்கத்தை மறுபடியும் எடுத்தான். வரியின் கடைசிக்கு வந்தபோது சற்று நின்றான். கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குச் சென்று மீண்டது. பிறகு ‘நாலெட்ஜ்’ என்று ஒரே சொல்லாகத் தெளிவாகப் படித்தான். திண்ணையில் நானும் அவனுமே இருந்தோம். சிரிப்பவர் எவரும் இல்லை. இரண்டாம் முறை அவன் குரல் தெருவுக்கும் கேட்டது. மறுவாரம் அவனாகவே வந்து, வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் படித்ததாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வரியின் முடிவில் அந்தச் சிறு கோட்டைக் காணும்போதெல்லாம் நீங்களும் சற்று நில்லுங்கள். சொல் அங்கே முடிவதில்லை. மிகுதி அடுத்த வரியில் இருக்கிறது.